வெளிநாட்டில் ஆலை போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

வெளிநாட்டு முதலீடு என்றதுமே வரிச்சலுகை, கூலி, நில விலை என்று எக்செல் ஷீட்டைத் திறந்துவிடுகிறார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் தொழில் நுணுக்கம் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். வரைபடத்திலும் ஃபார்முலாவிலும் எழுதிவிடக்கூடியது என்றால் அங்குள்ள ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்து ராயல்டி வாங்கலாம். ஆனால் காப்புரிமைச் சட்டம் உறுதியாக இல்லாத நாட்டில் கொடுத்தால், கற்றுக்கொண்டவரே நாளை போட்டிக்கு நிற்பார். ஆட்களின் பழக்கத்தில் ஊறிய விஷயம் என்றால் அதைக் காகிதத்தில் விற்க முடியாது, இங்கிருந்து ஆட்கள் போய்க் கூடவே நின்று பழக்க வேண்டும், அதற்குச் சொந்த ஆலையோ கூட்டு நிறுவனமோதான் சரிவரும்.

அடுத்து, அந்த நாட்டில் உங்களுக்கு என்னென்ன தெரியாது என்று எழுதுங்கள். 1981இல் ஜப்பானியக் கார் ஏற்றுமதிக்கு அமெரிக்கா வரம்பு கொண்டுவரச் செய்த பிறகு, உற்பத்தி முறையில் அத்தனை தேர்ச்சி இருந்தும் டொயோட்டா அங்கே தனியாக இறங்கவில்லை. அமெரிக்கத் தொழிலாளரும் யூனியனும் சப்ளையர்களும் அதற்குப் புதிது. அமெரிக்கக் கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை, 1984இல் அதுவும் டொயோட்டாவும் சேர்ந்து நும்மி என்ற கூட்டு நிறுவனமாகத் திறந்தார்கள். பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே எடுத்து, பலரை ஜப்பானுக்கே அனுப்பிப் பழக்கினார்கள். பழைய ஆலை வேலைநிறுத்தத்துக்கும் வேலைக்கு வராமைக்கும் பேர் போனது, அதே ஆட்களை வைத்துத்தான் தரமான கார் வந்தது! அதற்குப் பிறகுதான், 1988இல், கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா தன் சொந்த ஆலையில் கார் எடுக்க ஆரம்பித்தது.

ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கற்றுக்கொள்ள அதே வாய்ப்பு இருந்தது, ஆனால் நும்மியில் பழகிய மேலாளர்களை ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போட்டதால் அதன் மற்ற ஆலைகளுக்கு டொயோட்டாவின் உற்பத்தி முறை போய்ச்சேரப் பல வருடம் ஆனது. என் கணிப்பில் கூட்டு நிறுவனத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே யார் போகிறார், என்ன கற்கிறார், திரும்பி எந்த ஆலையில் உட்காருகிறார் என்று பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.

சொந்த ஊரில் ஜெயித்த முறை எல்லா ஊரிலும் செல்லும் என்றும் நம்பாதீர்கள். அமெரிக்கக் கடைத்தொடரான வால்மார்ட் 1991இல் மெக்சிகோவில் அங்குள்ள சிஃப்ரா என்ற கடை நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து நுழைந்து, பிறகே பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. ஜெர்மனியிலோ 1997இலிருந்து கடைத்தொடர்களை நேராக விலைக்கு வாங்கி, 2006இல் விற்றுவிட்டு வெளியேறியது. சந்தை புதிது என்றால் முதலில் ஏஜென்ட், பிறகு விற்பனை அலுவலகம், அதற்கப்புறம் ஆலை என்று போங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே போய்ப் பழகியவர்களைக் கேட்டுவிட்டு அடுத்த தொகையை இறக்குங்கள்.