பறித்த காளானை ஆய்வு மாதிரியாக்குவது எப்படி

ஐப்பசி அடைமழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், புல்தரையிலும் வைக்கோற்போரிலும் புற்றோரத்திலும் காளான் முளைத்துவிடும். நாம் காளான் என்று சொல்வது பூஞ்சையின் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. அதன் உடல் மெல்லிய இழைகளாக மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் பரவிக் கிடக்கிறது. இனத்தை அடையாளம் காணப் பெரும்பாலும் இந்த உறுப்பையே நம்பியிருக்கிறோம். அதுவோ பறித்த நிமிடத்திலிருந்து மாறத் தொடங்கிவிடும். நிறம் மங்கும், மணம் போகும், குடைக்கு அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள் கருக்கும், புழு அரிக்கும். உலர்ந்த பிறகு எல்லாக் காளானும் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம்தான். ஆகவே பறித்த அன்று எழுதாமல் விட்ட குறிப்பைப் பிறகு எந்த ஆய்வுக்கூடத்தாலும் மீட்டுத் தர முடியாது.

இங்கே சொல்வது ஆய்வுக்கான முறை. இதை வைத்து எந்தக் காட்டுக் காளானையும் சமைக்க முடிவு செய்யாதீர்கள். காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ மாதிரி எடுப்பதாக இருந்தால், வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

தொடுவதற்கு முன்

கையை வைக்கும் முன் படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சுற்றுப்புறத்தோடு ஒன்று. பறித்த பிறகு செவுள் தெரியும்படி ஒன்றும், நெடுக்குவாட்டில் பிளந்து ஒன்றும் வேண்டும். ஐந்திலும் ஓர் அளவுகோல் இருக்கட்டும். செல்பேசி கேமரா வெள்ளைக் காளானை மஞ்சளாகவோ நீலமாகவோ காட்டிவிடும். ஒரு வெள்ளைத் தாளையும் சட்டகத்துக்குள் வைத்தால் பின்னால் நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எதன் மேல் வளர்ந்திருக்கிறது என்பதை எழுதும்போது 'மண்', 'மரம்' என்று நிறுத்திவிடாதீர்கள். அது என்ன மரம், உயிருள்ளதா பட்டதா, பட்டையின் மேலா வெட்டுமுகத்திலா என்பதெல்லாம் தேவை. மண்ணில் முளைத்திருந்தால் பத்து மீட்டர் சுற்றளவில் நிற்கும் மரங்களின் பெயரை எழுதுங்கள். ருசுலா, அமானிடா போன்ற பேரினங்கள் மர வேர்களோடு கூட்டு வைத்து வாழ்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் ஹோபியா, வட்டேரியா மரங்களின் அடியில் இப்படிப்பட்ட காளான்கள் உண்டு. நீலகிரி, கொடைக்கானல் பைன் தோட்டங்களில் காணும் சுயில்லஸ் காளானோ அந்த மலைக்கு உரியதல்ல, வெளிநாட்டுப் பைனோடு சேர்ந்து வந்தது. பக்கத்து மரத்தின் பெயரைக் குறிக்காவிட்டால் உள்ளூர்ப் பூஞ்சை எது, வந்தேறியது எது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகும்.

பறிப்பது

பிடுங்காதீர்கள், தோண்டி எடுங்கள். காம்பைக் கிள்ளி எடுத்தால் அமானிடாவின் அடியில் இருக்கும் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும். அந்த ஒரு உறுப்பு இல்லாமல் பேரினத்தையே தவறவிடுவோம். புற்றுக்காளானில் இது இன்னும் முக்கியம். டெர்மிட்டோமைசிஸ் என்ற இந்தப் பேரினம் கறையான் கூட்டுக்குள் கறையான் பேணி வளர்க்கும் பூஞ்சை. தரைக்கு மேலே விரல் நீளக் காம்பு தெரியும். அதற்குக் கீழே வேர்போல மெலிந்து இறங்கும் தண்டு, கூட்டுக்குள் இருக்கும் கடற்பஞ்சு போன்ற பூஞ்சைத் தட்டுவரை போய் முடியும். ஒரு சாண் தள்ளிக் குழி எடுத்து, பக்கவாட்டிலிருந்து கத்தி முனையால் மண்ணைத் தட்டித் தட்டி இறங்க வேண்டும். நேராக மேலிருந்து குத்தினால் ஒடிந்துவிடும். அந்த வேரின் நீளம், நிறம், உள்ளே குழலா கெட்டியா என்பதும், குடை உச்சியில் மண்ணைத் துளைத்து வரும் கூரான முனை எப்படி இருக்கிறது என்பதும் இனங்களைப் பிரிக்க உதவும். கே. நடராஜன் 1979-இல் டெர்மிட்டோமைசிஸ் ஹைமியை விவரித்ததும் தென்னிந்தியாவிலிருந்துதான். முடிந்தால் அந்தப் பூஞ்சைத் தட்டில் ஒரு துண்டையும், நாலைந்து கறையானை 70 சதவீத எத்தனாலிலும் எடுத்து வையுங்கள். ஆனால் கூட்டை முழுவதுமாகக் கலைக்க வேண்டாம்.

மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் விரிந்தது என்று எல்லாப் பருவத்திலும் ஒன்றாவது வேண்டும். மொத்தம் மூன்று முதல் ஆறு போதுமானது. ஒன்றே ஒன்று நின்றால் எடுப்பதற்கு முன் குறிப்பையும் படத்தையும் இரட்டிப்பாக்குங்கள்.

பாலிதீன் பையில் போடவே போடாதீர்கள். வியர்த்து, ஒரு மணி நேரத்தில் கொழகொழத்து, பாக்டீரியா நாற்றம்தான் மிஞ்சும். அலுமினியத் தாளில் மிட்டாய் சுற்றுவதுபோலத் தளர்வாகச் சுற்றி, எண் எழுதிய சீட்டை உள்ளே வைத்துக் கூடையில் நிமிர்த்தி அடுக்குங்கள். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையக்கூடும்.

அன்று மாலையே எழுத வேண்டியவை

குடையின் அகலம், நிறம், பிசுபிசுப்பு. ஈரமாக இருக்கும்போது ஒரு நிறமும் காயும்போது இன்னொரு நிறமும் காட்டும் காளான்கள் உண்டு. அதனால் இரண்டையும் எழுதுங்கள். செவுள் காம்பைத் தொடுகிறதா, தொடாமல் நிற்கிறதா, காம்பில் இறங்கி ஓடுகிறதா என்று பாருங்கள். வளையம் இருந்தால் அது நகருமா என்று விரலால் மெல்லத் தள்ளிப் பார்க்கலாம். நறுக்கி, நிறம் மாறுகிறதா என்று 1, 5, 15 நிமிடங்களில் பார்த்துக் குறியுங்கள். மணத்தைக் குறிக்கும்போது 'நல்ல மணம்' என்பதெல்லாம் உதவாது. மாவு, மீன், பிளீச்சிங் பவுடர், முள்ளங்கி, வாதுமை என்று பெயர் சொல்லுங்கள்.

ஸ்போர் அச்சு

ஸ்போர் என்பது செவுளிலிருந்து உதிரும், விதைபோல இனத்தைப் பரப்பும் நுண்துகள். முழு வேலையிலும் மலிவான சோதனை இது. அதிகம் சொல்வதும் இதுவே.

விரிந்த காளானின் காம்பை செவுளை ஒட்டி வெட்டுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக உள்ள தாளின் மேல் செவுள் கீழே பார்க்கும்படி குடையை வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்ணாடி டம்ளரால் மூடுங்கள். 4 முதல் 12 மணி நேரத்தில் ஸ்போர்கள் செவுளின் வடிவத்திலேயே தாளில் படியும். வெள்ளைத் தாளை மட்டும் வைத்தால் வெள்ளை ஸ்போர் கண்ணுக்குத் தெரியாது. 'அச்சு விழவில்லை' என்று தவறாக எழுதிவிடுவோம். தாளைவிட அலுமினியத் தாள் நல்லது. அதிலிருந்து பிளேடால் சுரண்டி, குவியலாக்கி, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கலாம். மெல்லிய படிவத்தில் பார்த்தால் கிரீம் நிறமும் வெளிர் இளஞ்சிவப்பும் வெள்ளையாகவே தெரியும்.

அச்சு விழாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, குடை இன்னும் விரியாத இளங்காளான். அதைக் காம்போடு ஈரப்பஞ்சில் குத்தி ஒரு இரவு நிறுத்தினால் பல சமயம் விரியும். இரண்டு, மழையில் ஊறிய காளான். உறிஞ்சுதாளால் ஒற்றி எடுத்து, டம்ளருக்கு அடியில் ஒரு தீக்குச்சி கொடுத்துக் காற்று விடுங்கள். மூன்று, ஸ்போர் எல்லாம் உதிர்ந்து முடிந்த கிழம். அதற்குக் காம்பின் வளையத்திலும் கீழே நின்ற காளானின் குடையிலும் படிந்த தூளைப் பாருங்கள். வைக்கோலிலும் சாணத்திலும் முளைக்கும் கோப்ரினஸ் வகைகள் சில மணி நேரத்தில் கறுப்பு மையாகக் கரைந்துவிடும். கூடையிலிருந்து முதலில் வெளியே வர வேண்டியவை அவைதான்.

புல்தரையில் வட்டமாக நிற்கும் பெரிய வெள்ளைக் காளான் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குடையில் பழுப்புச் செதில், காம்பில் வளையம், வெள்ளைச் செவுள். பார்க்க உண்ணும் காளான் போலவே இருக்கும். அச்சு வைத்தால் மறுநாள் காலை தாளில் மங்கிய பச்சை படிந்திருக்கும். குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்பதற்கு அதுவே வலுவான சான்று. கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நச்சுக் காளான் அது. ஸ்போர் முதிரும்வரை அதன் செவுள் வெள்ளையாகவே இருப்பதால் கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். புற்றுக்காளானின் அச்சோ வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும்.

உலர்த்துவது

உலர்த்தும் முன், குடைச் சதையின் உட்பகுதியிலிருந்து அரிசி மணியளவு துண்டைச் சுத்தமான பிளேடால் எடுத்துச் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிடுங்கள். டி.என்.ஏ.வுக்கு அது. மேல்தோலில் எடுத்தால் அங்கே ஒட்டியிருக்கும் பூசணத்தின் டி.என்.ஏ.தான் கிடைக்கும்.

பழம் உலர்த்தும் மின்கருவியில் 40 முதல் 45 டிகிரி செல்சியஸில், காற்றோட்டத்தோடு 12 முதல் 24 மணி நேரம் உலர்த்தலாம். பெரியவற்றை நெடுக்குவாட்டில் பிளந்து வையுங்கள். வெப்பம் மிகுந்தால் காளான் வெந்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் செல்கள் உப்பி எழாமல் குழைந்து கிடக்கும். குறைந்தால் உள்ளேயிருக்கும் புழு தின்று தீர்க்கும், பூசணமும் பிடிக்கும். ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உலர்ந்ததும் ஆறவிடாமல் உடனே ஜிப் உறையில் மூடுங்கள். மழைக்காலக் காற்றில் அரை மணி நேரம் கிடந்தாலே மறுபடி நமுத்துவிடும். மூடிய உறையை மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் வண்டும் அதன் முட்டையும் சாகும்.

நுண்ணோக்கியில்

முதலில் கண்வில்லை அளவுகோலை ஸ்டேஜ் மைக்ரோமீட்டரோடு (நுண்ணோக்கி மேடையில் வைக்கும் கண்ணாடி அளவுகோல்) ஒப்பிட்டுச் சரிபாருங்கள். அதில் ஒரு பிரிவு 10 மைக்ரான். ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். உலர்ந்த செவுளில் ஒரு சீவலை 3 முதல் 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஒரு நிமிடம் ஊறவிட்டால் செல்கள் உப்பி எழும். நிறமற்ற இழைகளைப் பார்க்க அமோனியாவில் கரைத்த காங்கோ சிவப்பு நல்லது.

ஸ்போரை அளக்கும்போது அச்சிலிருந்து எடுத்த ஸ்போரையே அளங்கள், செவுளில் முதிராதவையும் கலந்திருக்கும். 100 மடங்கு எண்ணெய் வில்லையில், குறைந்தது 20, முடிந்தால் 30 ஸ்போர். பக்கவாட்டில் படுத்திருப்பதை, ஒட்டுமுனையை (ஸ்போர் செவுளோடு ஒட்டியிருந்த சிறு கூர்முனை) சேர்க்காமல் அளக்க வேண்டும். நீளத்தை அகலத்தால் வகுத்த விகிதத்தையும் ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்.

அடுத்து மெல்ட்சர் கரைசல். இது அயோடின், பொட்டாசியம் அயோடைடு, குளோரல் ஹைட்ரேட், தண்ணீர் சேர்ந்தது. குளோரல் ஹைட்ரேட் நஞ்சு, கையுறை அவசியம். ஸ்போர் நீலக் கறுப்பானால் ஒரு வகை, செம்பழுப்பானால் இன்னொரு வகை, மஞ்சளாகவே இருந்தால் வினை இல்லை. ருசுலாவின் ஸ்போர் மேலுள்ள முள்ளும் வலையும் இதில் கருநீலமாக எழுந்து நிற்கும். குளோரோஃபில்லத்தின் தடித்த சுவருள்ள ஸ்போர் செம்பழுப்பாகும். ஹைட்ராக்சைடில் ஊறிய சீவலை நீரில் கழுவாமல் மெல்ட்சரில் போட்டால் கரைசல் கலங்கும், நிறத்தை நம்ப முடியாது.

பெயர் சூட்டும் முன்

பூஞ்சைகளின் பொது டி.என்.ஏ. அடையாளமாக 2012 முதல் ஐ.டி.எஸ். (ITS) என்ற டி.என்.ஏ. பகுதி ஏற்கப்பட்டிருக்கிறது. அதன் வரிசை கிடைத்ததும் தரவுத்தளத்தில் மேலே வரும் பெயரை அப்படியே எழுதிவிடுவது பெரிய தவறு. அங்கே ஏற்றிய வரிசைகளிலேயே தவறான பெயருடையவை நிறைய உண்டு. ஒத்துவரும் வரிசை மூலமாதிரியிலிருந்து (அந்த இனத்துக்குப் பெயர் சூட்ட அடிப்படையான மாதிரி) வந்ததா, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஐரோப்பியக் கையேட்டின் பெயரை நம் ஊர்க் காளான் மேல் ஒட்டுவதும் அதே தவறுதான். வெளியில் ஒத்திருப்பது போதாது. நுண்ணோக்கி ஒன்றும் டி.என்.ஏ. வேறொன்றும் சொன்னால், மாதிரியில் வேறு பூஞ்சை கலந்துவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சிலிக்கா ஜெல்லில் இருக்கும் துண்டிலிருந்து மறுபடி எடுங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் பேரினப் பெயரோடு நிறுத்துவதே நேர்மை.

புதிய இனம் என்று உறுதியானால், 2013 முதல் புதிய பூஞ்சைப் பெயருக்கு மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தின் எண் கட்டாயம். மூலமாதிரியை ஆய்வாளர் எவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய பொதுத் தொகுப்பில் வைத்து, அதன் சேர்க்கை எண்ணை உறையிலும் குறிப்பேட்டிலும் ஸ்போர் அச்சின் மேலும் படக்கோப்பின் பெயரிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.