வீவ் போல் பழக்க: கையில் இருக்கும் பிஸ்கெட்டைக் கீழே வையுங்கள்

அஜிலிட்டியில், அதாவது நாய் வரிசையாகத் தடைகளைக் கடந்து ஓடும் விளையாட்டில், தாண்டுவதையும் டனலுக்குள் ஓடுவதையும் நாய்கள் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். வீவ் போல் அப்படி இல்லை. வரிசையாக நட்ட கம்புகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போவது எந்த நாய்க்கும் தானாக வராத வேலை, பக்கத்திலேயே சும்மா ஓடிப்போக இவ்வளவு இடம் இருக்கும்போது இதற்குள் எதற்கு நுழைய வேண்டும் என்றுதான் அது பார்க்கும், நியாயம்தானே.

எங்கள் மணிக்கு (நாட்டு நாய், 16 கிலோ) நான் முதலில் சொல்லிக்கொடுத்த விதமே தப்பு. ஆறு கம்பை நட்டு, பிஸ்கெட்டை மூக்குக்கு முன்னால் ஆட்டியபடியே கூட்டிப்போனேன், அழகாக வந்தான். பத்து நாள் கழித்துக் கையை எடுத்ததும் கம்புப் பக்கமே திரும்பாமல் என் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டான். அத்தனை நாளும் அவன் பார்த்துக்கொண்டிருந்தது என் கையைத்தான்.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எஃப்சிஐ (சர்வதேச நாய் அமைப்பு) போட்டிகளில் 12 கம்பு, இடைவெளி 60 செ.மீ., தடிமன் 3 முதல் 5 செ.மீ., உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமல். வீட்டுக்கு 32 எம்எம் பிவிசி பைப் போதும். ஒரு அடி இரும்புக் கம்பியைப் பாதி மண்ணில் அடித்து, மேலே பைப்பைச் சொருகுங்கள். பைப் கொஞ்சம் ஆடும், ஆடட்டும், இடித்தாலும் நாய்க்கு வலிக்காது. ஆனால் பயிற்சி முடிந்ததும் கம்பிகளைப் பிடுங்கிவிடுங்கள், மொட்டைக் கம்பி காலைக் கிழிக்கும். மொட்டை மாடி வேண்டாம், மண் தரைதான் சரி.

இனி விஷயத்துக்கு வருவோம். முதல் கம்பு எப்போதும் நாயின் இடது தோளுக்குப் பக்கம் இருக்க வேண்டும், நாய் முதல் இரண்டு கம்புக்கு நடுவே வலமிருந்து இடமாக நுழைய வேண்டும், அது எந்தத் திசையிலிருந்து ஓடி வந்தாலும் சரி. போட்டியில் நுழைவு தப்பினால் 5 ஃபால்ட், அதாவது தண்டனைப் புள்ளி. அதனால் நெளிவதைப் பற்றி இப்போதைக்குக் கவலையே படாதீர்கள், நுழைவு ஒன்றைத்தான் பழக்க வேண்டும்.

இரண்டே இரண்டு கம்பு நடுங்கள், வாசல் மாதிரி, நாய் நேராக நடுவில் போகும்படி. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். சுற்றும், முகரும், உங்கள் முகத்தைப் பார்க்கும். தற்செயலாக நடுவில் போனதும் வேகவைத்த கோழித் துண்டையோ பந்தையோ அதற்கு முன்னால், போகிற திசையிலேயே எறியுங்கள். கையில் கொடுத்தால் உங்களிடம் திரும்பி வரும், அங்கேதான் நான் கெட்டது. ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் சலித்துவிடும்.

வாசல் புரிந்ததும் நாயை வெவ்வேறு கோணத்திலிருந்து அனுப்புங்கள். எல்லாப் பக்கமிருந்தும் தானாக வாசலைத் தேடி ஓடினால், இரண்டு கம்பையும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நாய் ஓடும் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருப்பினால் குழம்பிப்போகும், குழம்பினால் முந்தைய கோணத்துக்கே போய்விடுங்கள். அப்புறம் நாலைந்து மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி, அதுவும் இதே மாதிரி, பிறகு இரண்டு ஜோடியையும் மெல்ல நெருக்கி நாலு கம்பாக்குங்கள். நாலு சரியாக வந்துவிட்டால் ஆறும் பன்னிரண்டும் சுலபம்.

இரண்டு வரிசைக்கு நடுவே ஓடவிட்டு வரிசைகளை நெருக்கும் சேனல் முறையும் உண்டு, வேகம் நன்றாக வரும், ஆனால் நாயே நுழைவைத் தேடிப் பழகாது என்பது என் எண்ணம்.

குட்டிகளை முழு வரிசையில் நெளியவிடாதீர்கள், எலும்பு முற்ற வேண்டும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகும். எஃப்சிஐ போட்டிக்கே 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

கடைசியில் ஒரு தொல்லை வரும். பத்தாவது கம்பில் வெளியே பாய்ந்துவிடும். திட்டாதீர்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று பாருங்கள். மணி பாய்ந்த ஒவ்வொரு தடவையும் நான்தான், முடிந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு கம்புக்கு முன்னாலேயே நடையைக் குறைத்திருந்தேன்.