உப்புக்காற்று ஊரில் வீட்டு சர்வர்: மெஷினில் மிச்சம் பிடிக்கலாம், பேக்கப்பில் கூடாது

குடும்பப் புகைப்படம், பத்திர ஸ்கேன், கடைக் கணக்கு ஆகியவற்றை வைக்கப் புது சர்வர் (எப்போதும் ஓடிக்கொண்டிருந்து கோப்புகளைத் தரும் கணினி) வேண்டாம். இன்டெல் 6-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் உள்ள பழைய மினி பிசி போதும்: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி. விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்காததால் அலுவலகங்கள் இவற்றைக் கழிக்கின்றன. நாம் போடப்போவது டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம், ஆகவே கவலையில்லை.

சும்மா கிடக்கிற பழைய டவர் பிசியை ஓடவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் இழுக்கும் டவர், இரண்டு மாத ரீடிங்கில் 86 யூனிட் ஏற்றும். 12 வாட் மினி பிசி 17 யூனிட்தான்.

வாங்கும்போது மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். போர்ட்டுகளிலும் ரேம் முனைகளிலும் பச்சை பூத்திருந்தால் வேண்டாம். ஒரிஜினல் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். டெல்லில் அடையாளம் தெரியாத அடாப்டர் போட்டால் பிராசசர் வேகம் குறைந்துவிடும்.

வைக்கும் இடம். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் கூடாது. உப்பு படிந்த தூசி ஈரத்தை இழுத்து ஃபேனிலும் முனைகளிலும் ஒட்டும். உள்ளறையில், தரையிலிருந்து உயர்ந்த அலமாரியில் வையுங்கள். உப்புக்குப் பயந்து காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் சூட்டில் டிஸ்க் கெடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் செய்தால் போதும்.

கரண்ட். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் அதன் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். மற்ற நிலையில், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் நேரம் கூடுவதால் மெஷின் அணைந்து எழும். பயாஸில் (மெஷின் தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) ‘மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு’ என்ற அமைப்பை இயக்குங்கள். இல்லையென்றால் நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில் சர்வர் அணைந்தே கிடக்கும்.

மென்பொருள். டெபியனைச் சிறிய எஸ்எஸ்டியில் நிறுவி, தரவுக்குத் தனி டிஸ்க் போடுங்கள். கோப்புப் பகிர்வுக்குச் சாம்பா, புகைப்படத்துக்கு இம்மிச் என்ற மென்பொருள்களைப் போடுங்கள். பல இணைப்புகளில் வெளியிலிருந்து நேரடியாக வீட்டுக்குள் வர வழியிருக்காது, பொது ஐபி (இணையத்திலிருந்து நேரே அடையக்கூடிய முகவரி) கிடைக்காததே காரணம். உங்கள் கருவிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம்.

இனித்தான் முக்கியமான வேலை. ரெய்டு (ஒரே மெஷினில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் முறை) பேக்கப் ஆகாது. இரு கணினிகளின் கோப்புகளை ஒன்றுபோல் வைக்கும் சிங்திங்கும் ஆகாது, இங்கே அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். ராமேசுவரத்து சர்வரின் பிரதியைப் பாம்பன் பாலத்துக்கு அக்கரையில் உள்ள மண்டபத்தில் வைப்பதும் போதாது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு பாம்பன் பாலத்தையும் உடைத்தது. ஒரே புயல் இரு கரையையும் தொடும். மதுரையிலோ கோவையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீடுதான் சரியான இடம்.

அங்கே வைக்க ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியும் தனி மின்சாரம் உள்ள ஒரு டிஸ்க்கும் போதும். ராஸ்பெரி பையின் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் இழுக்கும் டிஸ்க் சில நேரம் பாதியில் அறுந்துபோகும்.

முதல் பிரதியை இணையத்தில் அனுப்பாதீர்கள். 500 ஜிபியை 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற இரண்டு நாளுக்கு மேல் ஆகும். டிஸ்க்கை உங்கள் வீட்டிலேயே இணைத்து, பிரதிகளைக் கடவுச்சொல்லால் பூட்டி வைக்கும் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளின் ‘இனிட்’ கட்டளையால் பிரதிகள் சேரும் களஞ்சியம் உருவாக்கி, ‘பேக்கப்’ ஓட்டி முடித்து, பிறகு மதுரைக்கு எடுத்துப் போங்கள். அதன்பின் டெயில்ஸ்கேல் வழியே எஸ்எஃப்டிபியில் (பாதுகாப்பான கோப்பு அனுப்பும் முறை) மாற்றங்கள் மட்டும் போகும். குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் கிரானில் இதை இரவு 2 மணிக்கு வைக்கலாம். பழைய பிரதிகளைக் கழிக்க ‘ஃபர்கெட்’: தினப்பிரதி 7, வாரப்பிரதி 4, மாதப்பிரதி 6. கூடவே ‘ப்ரூன்’ சேர்க்காவிட்டால் இடம் காலியாகாது.

இம்மிச்சின் புகைப்படக் கோப்புறையை மட்டும் எடுத்தால் ஆல்பங்களும் பெயர்களும் போய்விடும். தரவுத்தளப் பிரதியும் சேரவேண்டும். தரவு டிஸ்க் இணையாத நாளில் வெறும் கோப்புறை பேக்கப் ஆகும். ஆகவே டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கும் ஒரு வரியை ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள்.

ரெஸ்டிக் கடவுச்சொல் தொலைந்தால் தரவை யாராலும் மீட்க முடியாது. காகிதத்தில் எழுதி உங்கள் பீரோவில் ஒன்று, மதுரை வீட்டில் ஒன்று வையுங்கள். மாதம் ஒருமுறை ‘செக்’ ஓட்டி, ‘ரீஸ்டோர்’ மூலம் ஒரு கோப்புறையை வேறு இடத்தில் மீட்டு, நாலு படங்களைத் திறந்து பாருங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் இந்தச் சோதனையைக் கட்டாயம் ஒருமுறை செய்துவிடுங்கள்.