எலிசபெத்தை எதிர்த்தவர்களைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) வரலாறு படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு முதலாம் எலிசபெத்தின் காலம், அதாவது 1558 முதல் 1588 வரை, ஒரு பாடமாக வரும். நான் லண்டனில் சனிக்கிழமைகளில் டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பாடம் வந்தாலே பெற்றோரிடமிருந்து ஒரே புலம்பல்தான்: “டீச்சர், கத்தோலிக்கரும் எதிர்த்தாங்க, பியூரிட்டனும் எதிர்த்தாங்கன்னு சரியாத்தான் எழுதுறான். மார்க் மட்டும் வரமாட்டேங்குது.” வராதுதான். கத்தோலிக்கர் ரோமின் போப்பாண்டவரை ஏற்றவர்கள்; பியூரிட்டன்கள் ராணியின் புராட்டஸ்டன்ட் திருச்சபைக்குள் இருந்துகொண்டே, ரோமின் மிச்சம் எதுவும் வேண்டாம் என்றவர்கள். இரண்டு எதிர்ப்பும் ஒரே மாதிரி என்று எழுதினால் எப்படி வரும்?

நான் கையாளும் வழி இது. பாடத்தில் யார் பெயர் வந்தாலும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கே ராணி செத்துப்போனால் இந்த ஆளுக்கு லாபமா, நஷ்டமா? ராணிக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. ரத்த உறவில் அடுத்த வாரிசாகப் பலர் கருதியது ஸ்காட்லாந்தின் மேரியை. அவர் கத்தோலிக்கர். 1568 மே மாதம் ஸ்காட்லாந்திலிருந்து தப்பி இங்கிலாந்துக்கே வந்து, காவலில் இருந்தவர். இது மனதில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

சதிகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஒற்றர் கதை பிடிக்கும், அதனால் அங்கேயே ஓடுவார்கள். முதலில் 1559-ஐப் பிடியுங்கள். அந்த ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்துத் திருச்சபையின் உச்ச ஆளுநர் போப்பாண்டவர் அல்ல, ராணி. ஆராதனை ஆங்கிலப் பொது ஜெப நூலின்படி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். மனதுக்குள் பழைய விசுவாசத்தை வைத்துக்கொண்டு, வம்பு வேண்டாம் என்று வந்து உட்கார்ந்துவிட்டுப் போன கத்தோலிக்கர் ஏராளம். கணவர் கோயிலுக்குப் போவார், மனைவி போகமாட்டார். அபராதமும் மிச்சம், வீட்டில் விசுவாசமும் மிச்சம். ராணியும் ரொம்பக் கிண்டிப் பார்க்கவில்லை. முதல் பத்து வருடம் ஓரளவு அமைதியாகப் போனதற்கு இந்தக் கண்டும் காணாத போக்குதான் காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்து ஒரு தாளில் நடுவில் கோடு போட்டு 1570 என்று எழுதச் சொல்லுங்கள். கோட்டுக்குச் சற்று முன்னால், 1569 நவம்பரில், வடக்கில் நார்தம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து பிரபுக்கள் கிளர்ந்தார்கள். டரம் பேராலயத்துக்குள் புகுந்து ஆங்கில வேதாகமத்தையும் ஜெப நூலையும் கிழித்துவிட்டு லத்தீனில் பூசை நடத்தினார்கள். மதம் மட்டும்தான் காரணமா என்றால் இல்லை. அரசவையில் தங்கள் செல்வாக்கு போய்விட்டதே என்ற எரிச்சலும் உண்டு. அதையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் மதிப்பெண் கூடும். கிளர்ச்சி அடங்கிய பிறகு, 1570 பிப்ரவரியில், போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் ராணியைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று ஆணை வெளியிட்டார். அன்றுவரை கத்தோலிக்கராக இருப்பது விசுவாச விஷயம். அதற்குப் பிறகு அரசின் கண்ணில் ஒவ்வொரு கத்தோலிக்கரும் சந்தேகத்துக்குரியவர்.

எவ்வளவு சந்தேகம் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். அந்தக் காலத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1559 சட்டப்படி நான்கு ஞாயிறு வராவிட்டால் 4 ஷில்லிங். 1581 சட்டப்படி ஒரு மாதம் வராவிட்டால் 20 பவுண்டு, அதாவது 400 ஷில்லிங். நூறு மடங்கு! ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளி ஆசிரியரின் ஆண்டுச் சம்பளமே 20 பவுண்டுதான். இந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். 1585-ல் இன்னும் ஒரு படி மேலே போய், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் இங்கிலாந்தில் இருப்பதே ராஜத்துரோகம் என்றார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ராணியை அகற்றி மேரியை அரியணையில் ஏற்றப் பார்த்த ரிடால்ஃபி, த்ராக்மார்ட்டன், பாபிங்டன் சதிக்காரர்களுக்குப் பதில் சுலபம்: ராணி போனால் லாபம். பாபிங்டனின் கடிதங்கள் பீர் பீப்பாயில் மறைந்து மேரியிடம் போனதும், ராணியின் அமைச்சரும் ஒற்றர் தலைவருமான வால்சிங்காமின் ஆட்கள் அதை வழியிலேயே படித்ததும், 1587 பிப்ரவரி 8-ல் மேரியின் தலை போனதும் பிள்ளைக்குத் தானாகவே நினைவிருக்கும். அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம். நேரத்தை எட்மண்ட் கேம்பியனுக்குக் கொடுங்கள். 1580-ல் இரகசியமாக வந்த இயேசு சபைக் குரு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பூசை வைக்க வந்தவர். 1581 டிசம்பர் 1-ல் டைபர்ன் தூக்குமேடையில் நின்றுகொண்டு, “உங்கள் ராணியும் என் ராணியுமான எலிசபெத்துக்காக” ஜெபிக்கிறேன் என்றார். இவரை எந்தப் பக்கம் வைப்பது? என் வகுப்பில் இங்கேதான் சண்டை வரும். வரட்டும். அரசும் இதே தலைவலியில்தான் இருந்தது: போப்பாண்டவர் படை அனுப்பினால் நீ யார் பக்கம் நிற்பாய் என்று பிடிபட்ட குருக்களைக் கேட்டார்கள். எப்படிப் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்கிற கேள்வி அது.

முடிந்தால் ஊஸ்டர்ஷையரில் இருக்கும் ஹார்விங்டன் ஹாலுக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். அங்கே ஓர் அறையில் சுவரோடு நிற்கும் மர உத்திரத்தைத் தள்ளினால் அது சுழன்று, பின்னால் ஓர் ஆள் ஒடுங்கி உட்காரும் பொந்து தெரியும். குருக்களை ஒளித்துவைத்த இடம்.

பியூரிட்டன்களைத் தொடங்க உடைதான் சரியான இடம். குருவானவர் வெள்ளை மேலங்கி போடலாமா, ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம் போடலாமா, நற்கருணை வாங்க மண்டியிடலாமா? இதெல்லாம் ரோமின் மிச்சம் என்பது அவர்கள் வாதம். “துணிக்கா இவ்வளவு சண்டை?” என்று பிள்ளை கேட்கும். அங்கி போடமாட்டேன் என்ற 37 லண்டன் குருமாரை 1566-ல் பேராயர் பார்க்கர் பணி இடைநீக்கம் செய்தார் என்று சொல்லுங்கள். எந்த அங்கி என்பதை ராணி முடிவுசெய்யலாமா என்பதுதான் சண்டை. 1570-ல் தாமஸ் கார்ட்ரைட் கேம்பிரிட்ஜில், ஆயர்கள் என்ற பதவியே வேதத்தில் இல்லை என்கிற அளவுக்குப் போய்ப் பேராசிரியர் வேலையை இழந்தார். ஆயர்களை நியமிப்பது ராணி. அதனால் அவர் அதைத் தன் மேல் விழுந்த அடியாகவே எடுத்துக்கொண்டார்.

ஆனால் ராணி செத்தால்? மேரி வருவார், பியூரிட்டன்களுக்கு எல்லாம் போச்சு. 1579-ல் ஜான் ஸ்டப்ஸ் என்பவர், ராணி பிரெஞ்சுக் கத்தோலிக்க இளவரசரை மணக்கக்கூடாது என்று துண்டுநூல் எழுதினார். வெஸ்ட்மின்ஸ்டரில் கூட்டத்தின் நடுவே அவருடைய வலது கையை வெட்டினார்கள். அவர் இடது கையால் தொப்பியைக் கழற்றி, “கடவுள் ராணியைக் காப்பாற்றுவாராக” என்று கத்திவிட்டு மயங்கி விழுந்தார். கேட்டதும் பிள்ளைகள் இவருக்குப் பைத்தியமா என்பார்கள். நம் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், புரிந்துகொள்வார்கள்.

16 மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் “கத்தோலிக்கரே பெரிய ஆபத்து, எவ்வளவு தூரம் ஒத்துக்கொள்கிறாய்?” என்கிற மாதிரி வரும். மாற்று ஆட்சியாளர், வெளிநாட்டுப் படை இரண்டும் கத்தோலிக்கச் சதிகளிடம் இருந்தன; அதை வைத்து ஆம் என்று தொடங்கலாம். மறுபக்கத்துக்கு கிரிண்டலைக் கொண்டுவாருங்கள். கேன்டர்பரி பேராயரே அவர். குருமார் கூடி வேதம் ஆராயும் கூட்டங்களை நிறுத்தச் சொன்னபோது, முடியாது என்று 1576-ல் ராணிக்கு நீளமாக எழுதினார். 1577-ல் அதிகாரம் பறிபோனது. இந்த எதிர்ப்பு ராணியின் சொந்தத் திருச்சபைக்குள், பாராளுமன்றத்துக்குள் இருந்தது. வால்சிங்காமே பியூரிட்டன்கள் பக்கம் சாய்ந்தவர். உயிருக்கு ஆபத்து ஒரு பக்கம், அதிகாரத்துக்கு உரசல் இன்னொரு பக்கம் என்று பிரித்து எழுதினால் போதும்.

அப்புறம் ஒன்று. ராணியின் திருச்சபையை விட்டே பிரிந்துபோன பாரோ, கிரீன்வுட், பென்ரி ஆகியோர் தூக்கிலிடப்பட்டது 1593-ல். இணையத்தில் தேடினால் முதலில் அவர்கள்தான் வருவார்கள். பாடம் 1588-ல் முடிகிறது, அதனால் விடைத்தாளில் அவர்களை எழுத வேண்டாம்.