பழைய காருக்குக் கெட்டி ஆயில்: ஊற்றும் முன் பார்க்க வேண்டியவை

"சிங்கப்பூர் வெயிலுக்குத் தண்ணி ஆயில் தாங்காதுண்ணே, 10டபிள்யூ-40 போட்டுக்குங்க." ஆயில் மாற்றப் போன இடத்தில் ஒரு தம்பி இப்படிச் சொன்னதும் நானும் தலையாட்டிவிட்டேன். என் கார் 2013இல் பதிவானது, ஜப்பான் கார், 1.6 லிட்டர். 2023இல் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்றிதழை, இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தேன். மீட்டர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிலை அது குடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் யார் எதைச் சொன்னாலும் தலை தானாக ஆடும்.

கையேட்டில் முதலில் போட்டிருப்பது 0டபிள்யூ-20. அங்கிருந்து 10டபிள்யூ-40க்குப் போவது ஒரு படி ஏறுவது அல்ல, இரண்டு படி தாவுவது. இதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். நீங்கள் முன்னாலேயே புரிந்துகொள்ளலாம்.

டின்னில் உள்ள எண்களிலிருந்து தொடங்குவோம். 'டபிள்யூ' என்பது குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கும் என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் வைத்து இன்ஜின் சுழலுமா என்று பார்க்கிறார்கள். ஈசூனில் விடியற்காலை மழை பெய்தாலும் 23, 24 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆகவே முன் எண்ணைப் பற்றி இங்கே யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. பின் எண்தான் விஷயம். அது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 30 என்றால் 12.5 வரை, 40 என்றால் 16.3 வரை. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கெட்டி கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெயில் கதைக்கு வருவோம். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. இன்ஜினின் சூட்டைத் தீர்மானிப்பது வானம் அல்ல, தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். வெளியே 33 டிகிரியோ 5 டிகிரியோ, ஓடிச் சூடேறிய இன்ஜினில் ரேடியேட்டர் தண்ணீர் 90 டிகிரி பக்கம்தான் நிற்கும். ஆயிலை உண்மையில் வாட்டுவது நெடுநேர வேகமும், சுமையும், மலையேற்றமும், டர்போவும். நம் விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். தீவு விரைவுச்சாலையில் மாலை ஆறு மணிக்கு அதுவும் கிடைக்காது.

இன்னொன்று. காலையில் கார்ப்பேட்டையில் 28 டிகிரியில் கிடக்கும் 0டபிள்யூ-20, சூடான 40ஆம் எண் ஆயிலைவிடப் பல மடங்கு கெட்டி. 40 டிகிரியிலேயே அது சுமார் 45 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும், 10டபிள்யூ-40 அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 'தண்ணி' என்று நாம் கிண்டல் செய்யும் ஆயில்கூட ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் கெட்டியாகத்தான் இருக்கிறது. அதைவிடக் கெட்டியானது இன்ஜினின் மேல்பகுதியில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏற இன்னும் கொஞ்சம் திணறும்.

அப்படியானால் கெட்டி ஆயிலே கூடாதா? கூடும். உங்கள் காரின் கையேட்டை முழுதாகப் படியுங்கள், ஆயில் ஊற்றும் மூடியில் அச்சடித்த ஓர் எண்ணோடு நிறுத்தாதீர்கள். என் கையேட்டில் 0டபிள்யூ-20க்குக் கீழேயே 5டபிள்யூ-30ம் இருந்தது. டொயோட்டா கையேடுகள் பலவற்றில், அதிக வேகத்திலோ கடும் சுமையிலோ ஓட்டினால் இன்னும் கெட்டியான ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்ற வரியே உண்டு. இளகிய ஆயிலை முதலில் போடுவதற்குப் பெரிய காரணம் பெட்ரோல் சிக்கனம். இன்ஜின் அதைத்தான் தாங்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் கையேட்டில் ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால், வேறு எண்ணுக்கு இடமில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

கீழே சொல்லும் மூன்று பேரும் இதோடு வேறு வேலை பார்க்கலாம். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள்: உங்கள் இன்ஜின் நாள் முழுக்க நின்று நின்று எழும், ஆயில் முழுதாகச் சூடேறுவதே குறைவு, கெட்டி ஆயில் உங்களுக்கு எதிரி. உத்தரவாதம் இன்னும் இருப்பவர்கள்: கையேட்டில் உள்ளதைப் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஐரோப்பிய டர்போ கார்க்காரர்கள்: உங்களுக்கு எண்ணைவிட, கார் நிறுவனம் ஆயிலுக்குக் கொடுக்கும் அங்கீகாரக் குறியீடு முக்கியம். ஃபோக்ஸ்வாகன் 508 00 கேட்கும் காருக்கு 'ஏதோ ஒரு நல்ல 40' பதிலாகாது.

மற்றவர்கள், அதாவது என்னைப்போல் வயதான கார், ஆயில் குடிக்கும் கார், அல்லது அடிக்கடி கடற்பாலம் தாண்டி ஈப்போ, கேமரன் மலை என்று நாலு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிப் போகும் கார் வைத்திருப்பவர்கள், ஒரு படி ஏறலாம். மலேசிய வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் மூன்று மணி நேரம் போவது நம் ஊர் ஓட்டம் அல்ல.

ஏறும் முன் ஒரு வேலை: ஆயில் எங்கே போகிறது என்று பாருங்கள். காரைச் சமமான தரையில் நிறுத்தி, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மேல்கோடு வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள். எவ்வளவு ஊற்றினால் மறுபடி மேல்கோட்டுக்கு வருகிறதோ அதுதான் உங்கள் கார் குடிக்கும் கணக்கு. நிறுத்திய இடத்தில் சொட்டு தெரிந்தால் அது கசிவு, கெட்டி ஆயில் அதற்கு மருந்தல்ல, கேஸ்கெட் மாற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை ஒரு தடவை வந்து நின்றுவிட்டால் வால்வு சீலைச் சந்தேகியுங்கள். பிசிவி வால்வை, அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி எரிக்க அனுப்பும் வால்வை, கட்டாயம் பாருங்கள். சின்னச் சாமான், அடைத்துக்கொண்டால் இன்ஜின் தன் ஆயிலைத் தானே உறிஞ்சி எரிக்கும்.

நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். முதலில் 10டபிள்யூ-40 ஊற்றினேன். குடிப்பது கொஞ்சம் குறைந்தது, ஆனால் லிட்டருக்கு 13.8 கிலோமீட்டர் கொடுத்த கார் 13.1க்கு இறங்கியது, காலையில் முதல் இரண்டு நிமிடம் காரை யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அடுத்த ஆயில் மாற்றத்தில் 5டபிள்யூ-30க்கு இறங்கினேன், அதே நாளில் பிசிவி வால்வையும் மாற்றினேன். நாற்பது வெள்ளிகூட ஆகவில்லை. இப்போது மூவாயிரத்துக்குக் கால் லிட்டர்தான் குறைகிறது. எது காரணம்? வால்வா, ஆயிலா? ஒரே நாளில் இரண்டையும் மாற்றிவிட்டதால் எனக்கே தெரியாமல் போய்விட்டது. என் மனைவி வால்வு என்கிறாள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கடையில் டின் எடுக்கும்போது எண் ஒன்றாக இருந்தாலும் எல்லா 5டபிள்யூ-30ம் ஒன்றல்ல. பின்பக்கம் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரம்) ஏ3/பி4 அல்லது சி3 என்று இருந்தால், 150 டிகிரியில் உரசும் சோதனையில் அது 3.5 மதிப்பைத் தொட்டாக வேண்டும். 30ஆம் எண்ணுக்கு 2.9 போதும். அதாவது 30 என்ற பெயரில் ஏறக்குறைய 40ன் பாதுகாப்பு. ஆயில் குடிக்கும் பழைய காருக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தர வரிசையில் 2020 மே மாதம் வந்த 'எஸ்பி' குறி இருந்தால் இன்னும் நல்லது, நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களுக்கு அது மிக அவசியம்.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். என் காருக்கு ஃபில்டரோடு 4.2 லிட்டர். நாலு லிட்டர் டின் வாங்கிவிட்டு மீதியை 'அட்ஜஸ்ட்' செய்யும் பழக்கம் எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன். பின்னாளில் அளவு பார்க்கும்போது அந்தக் குறைதான் கணக்கைக் குழப்பும். முதல் ஓட்டத்தில் கீழே ஆயில் விளக்கு அணைய எடுக்கும் நேரத்தையும், டக் டக் சத்தம் ஏதும் புதிதாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பெட்ரோல் கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள், குறைந்தது நாலு டேங்க். ஒரு டேங்க் வைத்து முடிவு கட்டாதீர்கள், மழையும் நெரிசலும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் புளோக்குக்குக் கீழே கார்ப்பேட்டையில் படுத்துக்கொண்டு செய்யாதீர்கள். பழைய ஆயில் ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகக்கூடாது, அது நேராகக் கடலுக்கும் நீர்த்தேக்கத்துக்கும்தான் போகும். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ நீங்களே ஆயில் வாங்கிக்கொண்டு போனாலும் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு. போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள், டின்னைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், மீதமிருக்கும் ஆயிலை மறக்காமல் வாங்கி வந்து காரின் பின்பெட்டியில் வையுங்கள்.