பாட்டு இனித்தும் கூட்டம் ஏன் வரவில்லை? இசை நாடகம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டால், பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரியும். 1925-இல் வேலை தொடங்கி 1934-இல் முடிந்த அணை அது. நீருக்கடியில் போன ஊர்களிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் இந்தப் பக்கம் முழுக்க இருக்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்துப் பெண்ணின் கதையை வைத்து நாங்கள் சேலத்தில் ஓர் இசை நாடகம் போட்டோம். பதினான்கு பாட்டு. இசை அமைத்தது நான். ஆர்மோனியமும் நானே வாசித்தேன்.

முதல் காட்சிக்கு அரங்கம் நிறைந்தது. வந்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்களும் நண்பர்களும். அடுத்த ஞாயிறு எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு பேர். மூன்றாவது காட்சிக்கு அதுவும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் வெளியே போகும்போது ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "பாட்டெல்லாம் அருமைங்க." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாடகம் மனதைப் பிடித்திருந்தால் யாரும் பாட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்பார்கள் என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது. நாடகத்தில் ஒரு பாட்டு நல்ல பாட்டா இல்லையா என்பதை அதன் மெட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது தொடங்கும் நொடியில், பாடுகிறவர் யார், யாரிடம் பாடுகிறார், அவருக்கு என்ன வேண்டும் என்பது கேட்கிறவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் பாதியைத் தீர்மானிக்கிறது.

இசை நாடகம் போடுகிறவர்கள் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் நாடகம் திரை விலகியதும் கதாநாயகி தனியாக நின்று ஒரு நீண்ட பாட்டுப் பாடுவதோடு தொடங்கியது. ஒத்திகை அறையில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்காதவர் இல்லை. ஒத்திகை அறையில் இருந்த எல்லோருக்கும் கதை முன்பே தெரியும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியார் வந்து பார்த்தார். முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பாடுறது யாரு தம்பி? அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார். "கடைசிப் பாட்டுல தெரிஞ்சுடுங்களே" என்றேன். "அப்ப முதல் பாட்டை எதுக்குக் கேட்டேன்?" என்றார்.

அவர் தொழிலைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அந்தக் கேள்வியின் எடை விளங்கும். தெருக்கூத்தில் வேடக்காரர் உடனே முகம் காட்டுவதில்லை. திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறார். சலங்கை ஒலி கேட்கிறது. கோமாளி முன்னால் வந்து, நீ யார், எந்த நாட்டு ராஜா, இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்கிறான். வேடக்காரர் தன் பெருமையைப் பாட்டாகவே சொல்கிறார். அந்த வரியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அதற்குப் பிறகு அதே செய்தி வசனமாக ஒரு முறை வருகிறது. இப்படி ஒரு செய்தி மூன்று வழியில் சபைக்குப் போய்ச் சேர்கிறது. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் நடுவே தூங்கி எழுந்தவருக்கும் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இதைப் பழைய சம்பிரதாயம் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் பாட்டின் பொருளைக் காதில் சேர்க்கப் பல தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்ட வழி அது.

நியூயார்க்கின் பிராட்வே நாடக உலகத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த 'கேண்டீட்' 1956-இல் அரங்கேறியது. 73 காட்சிகளோடு நின்றுபோனது. இசையில் குறை இருந்தது என்று சொல்ல முடியாது. அதன் தொடக்க இசையை உலகத்து இசைக்குழுக்கள் இன்றும் தனியாக எடுத்து வாசிக்கின்றன. கதையைச் சொன்ன விதம் கனமாகவும் இறுக்கமாகவும் இருந்தது. 1974-இல் இயக்குநர் ஹரால்ட் பிரின்ஸ் அதையே மறுபடி மேடையேற்றினார். வசனத்தை ஹியூ வீலர் புதிதாக எழுதினார். நாடகத்தைச் சுருக்கி, சில பாட்டுகளையும் வெட்டி, பெரிய இசைக்குழுவைப் பதின்மூன்று பேராகக் குறைத்தார்கள். இந்த முறை 740 காட்சிகள் ஓடியது. பாட்டைக் குறைத்த பிறகுதான் பாட்டு கேட்டது. இசையமைப்பாளனாக இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது தவறு, பழைய இசை நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாட்டு அளவை எடுத்து நம் புதுக் கதையின் மேல் வைப்பது. சுவாமிகள் வாழ்ந்தது 1867 முதல் 1922 வரை. அவருடைய வள்ளி திருமணத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு வள்ளியும் தெரியும், முருகனும் தெரியும், யானை வரப்போவதும் தெரியும். கதை தெரிந்த சபைக்கு முன்னால் ஒரு நடிகர் ஒரே விஷயத்தை அரை மணி நேரம் தர்க்கமாகப் பாடலாம். எப்படிப் பாடுகிறார் என்பதை ரசிக்கத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். ஆடி மாதத்தில் சேலத்துக் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வண்டியின் மேல் சாமி வேடம் போட்டு நிற்கிறவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, தெருவே கதையைச் சொல்லிக்கொள்ளும். எங்கள் கதாநாயகியை யாருக்கும் தெரியாது. புதுக் கதையில் பாட்டுக்கு முன் வசனம் உழைத்துக் கொடுக்க வேண்டும். அந்த உழைப்பை நாங்கள் கொடுக்கவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமாக் கம்பெனி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஊர் இது. எங்கள் காது சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. சினிமாப் பாட்டு, படம் வருவதற்கு முன்பே டீக்கடையிலும் பஸ்ஸிலும் பலமுறை கேட்டுப் பழகிவிடுகிறது. கொட்டகைக்குள் அது வரும்போது பழைய நண்பரைப் பார்ப்பதுபோல இருக்கிறது. மேடைப் பாட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். பதினான்கு புது மெட்டுகளை ஒரே மாலையில் கொடுத்தால் ஒன்றுகூட மனதில் நிற்காது. அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டுப் புத்தகம் அச்சடித்து விற்கும் வழக்கம் இருந்தது. நமக்கு வேறு வழி இருக்கிறது: ஒரு பல்லவியை முதல் அங்கத்தில் விதைத்து, நடுவில் இரண்டு வரி மட்டும் தொட்டு, கடைசியில் முழுதாகக் கொண்டுவருவது. வீட்டுக்குப் போகும்போது ஒருவர் முணுமுணுக்க ஒரு மெட்டு போதும்.

சொல் காதில் விழாமல் போவது அடுத்தது. தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல் ஆகிவிடும். எங்கள் முக்கியமான பாட்டு "அலை" என்று தொடங்கியது. மெட்டு அழகாக வளைய வேண்டும் என்று முதல் எழுத்தை நான்கு தாள அட்சரம் நீட்டினேன். கேட்டவர்கள் காதில் "ஆலை" என்று விழுந்தது. ஸ்பின்னிங் மில் நிறைந்த ஊரில் ஆலை என்றால் என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் மில் வேலைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்ததாக ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அவர் மேல் தவறே இல்லை. மெட்டுப் போட்டவன் வரியை முதலில் பேசிப் பார்க்க வேண்டும், பேச்சில் எங்கே நீள்கிறதோ அங்கே நீட்ட வேண்டும். இதில் மைக் செட்டுக்கும் பங்கு உண்டு. கீபோர்டு, டிரம்ஸ், புல்லாங்குழல், வயலின் எல்லாம் பாடகி வாய் திறக்கும் அதே நேரத்தில் ஒலித்தால் தகரக் கூரை போட்ட மண்டபத்தில் மிஞ்சுவது எதிரொலிதான். வாத்தியங்கள் வரிகளுக்கு இடையே பேசட்டும். வரி வரும்போது ஒதுங்கி நிற்கட்டும்.

ராகம் பற்றிச் சுருக்கமாக ஒன்று. சோகக் கதை என்பதால் முகாரி, சுபபந்துவராளி என்று அடுத்தடுத்து வைத்தேன். தனித்தனியே ஒவ்வொன்றும் உருக்கும். வரிசையாக வைத்தால் மூன்றாவது பாட்டுக்குள் காது மரத்துப்போகும். பாட்டுகளை வரிசைப்படுத்துகிறவர் இசையமைப்பாளராக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. இயக்குநர் செய்யட்டும்.

கதையை முன்னும் பின்னும் புரட்டுவது இன்னொரு சறுக்கல். ஸ்டீபன் சோந்தைம் இசையமைத்த 'மெரிலி வீ ரோல் அலாங்' பிற்காலத்தில் தொடங்கி இளமையை நோக்கிப் பின்னால் போகும் கதை. 1981-இல் பிராட்வேயில் 16 காட்சிகளோடு முடிந்தது. இளம் நடிகர்களே நடுவயதுக்காரர்களாகவும் நடித்தார்கள். யார் யார் என்று சபைக்குக் குழம்பியதால், பாத்திரம் இன்னார் என்று எழுதிய பனியன்களைப் போட்டுவிட்டுக்கூடப் பார்த்தார்கள். அதன் பாட்டுகள் மறக்கப்படவில்லை. பல ஆண்டுகள் திருத்தித் திருத்திப் பல மேடைகளில் நடந்து, 2023-இல் பிராட்வேக்குத் திரும்பி, 2024-இல் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி என்ற பிராட்வே நாடக விருது வாங்கியது. முப்பத்தேழு பேர் முன்னால் வாசித்தவனுக்கு இந்தச் செய்தி எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லி முடியாது.

நாளும் இடமும் பார்க்காமல் போடுவதை யாரும் தவறாகவே கருதுவதில்லை. ஆடித் திருவிழா நேரத்தில் சேலத்துக்காரர்களை எந்த அரங்கத்துக்கும் கூப்பிட முடியாது. ஊரில் உள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாம் அப்போதுதான் களை கட்டும். ஏற்காட்டில் போடலாம் என்று சிலருக்கு ஆசை வரும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள் இருட்டுவதற்குள் இறங்கிவிடத்தான் பார்ப்பார்கள். மேலே தங்கும் சுற்றுலாக்காரர்கள் மலர்க்கண்காட்சி பார்த்தபடி நடந்துகொண்டே இருப்பார்கள், இரண்டு மணி நேரக் கதைக்கு உட்காரமாட்டார்கள். கோடை மழையும் வந்து சேரும். அங்கே இருபது நிமிடத்துத் தனிக் காட்சி போடலாம். முழு நாடகத்துக்கு அது இடமல்ல.

நோட்டீசில் நாங்கள் இசை, பாடல், ஒலி, ஒளி என்று பெயர்களை வரிசையாக அச்சடித்தோம். நந்தி தெரியும் நாளில் ஒரு பெண் ஊருக்குத் திரும்புகிறாள் என்று ஒரு வரி போட்டிருந்தால் அணைப் பக்கத்து மேச்சேரியிலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் ஆள் வந்திருக்கும்.

கடைசியாகப் பணம். பதினோரு வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம், வண்டி, சாப்பாடு. அந்தச் செலவில் மூன்று காட்சிதான் தாங்கியது. நாடகத்துக்குக் கூட்டம் சேர்ப்பது, பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லும் பேச்சு. அந்தப் பேச்சு இன்னொரு தெருவை எட்டுவதற்குள் நாங்கள் கடையைக் கட்டிவிட்டோம். முதல் நாளே பெரிதாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், இருபது முறை போடக்கூடிய சிறிய நாடகத்தை நாங்கள் இழந்தோம்.

பிறகு திருத்தினோம். எட்டுப் பாட்டு. ஆர்மோனியம், மிருதங்கம், ஒரு புல்லாங்குழல். நான் உயிரைக் கொடுத்து மெட்டமைத்த தொடக்கப் பாட்டை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கோமாளி வந்து, "யாரும்மா நீ, தண்ணிக்கு நடுவுல எதைத் தேடுற?" என்று கேட்கிறான். அவள் பதில் சொன்ன பிறகுதான் முதல் பாட்டு. அணைக்கரையில் உள்ள ஒரு கிராமத்தில், கோயில் முன்னால் டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டோம். கோமாளி கேட்டான். கதாநாயகி வாயைத் திறப்பதற்குள், பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சத்தமாகச் சொன்னார்: "எங்க ஊர்க்காரிதான்டா அவ. பாட விடு."