லேமினேட் தரையைத் தண்ணீர் ஊற்றாமல் சுத்தம் செய்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் நான் வளர்ந்த வீட்டின் தரை சிவப்புச் சிமெண்ட்டால் ஆனது. வெள்ளிக்கிழமை காலையில் ஆயா (பாட்டி) வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தேய்த்து, அழுக்கு நீரைப் பின்வாசல் வழியே தள்ளிவிடுவார். தரை காய்ந்ததும் மண்டியிட்டு அமர்ந்து சிவப்புப் பாலிஷ் போட்டு, முகம் தெரியும் அளவுக்குத் துணியால் தேய்ப்பார். அந்தத் தரைக்கு அதுவே சரியான பராமரிப்பு. இன்று டர்பனில் நம்மவர் வீடுகள் பலவற்றில் சிமெண்ட் இருந்த இடத்தில் லேமினேட் வந்துவிட்டது. தரை மாறிவிட்டாலும் கையின் பழக்கம் மாறவில்லை, பல வீடுகளில் லேமினேட் கெட்டுப்போவதற்கு அந்தப் பழக்கமே காரணமாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. லேமினேட் போட்ட முதல் ஆண்டு, தீபாவளிக்கு முந்தின நாள், லவுஞ்ச் முழுவதையும் வாளித் தண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவினேன். அன்று மாலை தரை பளிச்சென்றுதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, பலகைகள் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவியபோது, அடியில் ஒரு நூல் ஓடுவது போல விளிம்பு மேலெழும்பியிருந்தது. அந்த மேடு இன்றுவரை இறங்கவில்லை. இந்த விளக்கத்தைப் படிப்பவர்கள் வீட்டில் அப்படி ஒரு மேடு எழும்பக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தரையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

லேமினேட் பலகை பார்ப்பதற்கு மரம் போல இருந்தாலும் அதில் தெரியும் மர ரேகைகள் காகிதத்தில் அச்சிட்டவை. அந்தக் காகிதத்தின் மேல் மெலமைன் பிசின் ஊறிய, அலுமினியம் ஆக்சைடு கலந்த ஒரு தெளிந்த படலம் இருக்கிறது. நாம் மிதிப்பது அதைத்தான். காகிதத்துக்குக் கீழே மரத்தூளையும் நாரையும் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த அடர்பலகை இருக்கிறது. 1977-இல் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் இத்தகைய தரையை உருவாக்கிய பிறகு, பல ஆண்டுகள் பலகைகளைப் பசை தடவித்தான் இணைத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில்தான் பசையில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும் கிளிக் முறை பரவியது. இதனால் தரை போடுவது எளிதாயிற்று. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் தண்ணீர் இறங்கக்கூடிய ஒரு வழியாகவும் ஆயிற்று. மேற்பரப்பு தண்ணீரை உறிஞ்சாது. இணைப்பு வழியே இறங்கும் தண்ணீரை உள்ளே இருக்கும் அடர்பலகை உறிஞ்சி உப்பிவிடும், உப்பியது காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதுவே.

முதல் படி: உலர்ந்த தூசியை எடுத்தல்

ஈரத் துணியை எடுப்பதற்கு முன் தூசியையும் மணலையும் முழுமையாக நீக்க வேண்டும். கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளைகளின் செருப்பிலும் துண்டிலும் வரும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் கடினமான கனிமம். அதன் மேல் நாற்காலியை இழுத்தால் உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். வேக்குவம் கிளீனர் இருந்தால், சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, கடினத் தரைக்குரிய மென்மையான முனையை மாட்டிப் பலகைகளின் நீளவாக்கில் இழுங்கள். இல்லையென்றால் மென்மையான நாருள்ள துடைப்பமோ உலர்ந்த மைக்ரோஃபைபர் மாப்போ போதும். ஈர்க்குமாறு முற்றத்துக்கே உரியது. வாசலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு மிதியடிகள் போட்டுவிட்டால் இந்தப் படியில் பாதி வேலை குறைந்துவிடும்.

இரண்டாம் படி: ஈரத் துணியால் துடைத்தல்

தினமும் தேவையில்லை, வாரம் ஒருமுறை போதும். இரண்டு வாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரும், லேமினேட் தரைக்கென்று விற்கும், அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக் கிளீனரில் புட்டியில் சொன்ன அளவும் இருக்கட்டும். மற்றொன்றில் அழுக்குத் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். கிளீனரை ஒரு மூடி கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கூடுதல் தரையிலேயே தங்கிப் பிசுபிசுக்கும். கிளீனர் இல்லாத வாரத்தில் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரே போதுமானது.

மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிழியுங்கள். பிறகு அதைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் இன்னும் ஒருமுறை பிழிய வேண்டும். அறையின் உள்மூலையிலிருந்து தொடங்கி, கதவை நோக்கிப் பின்வாங்கியபடி, ஒரு மீட்டர் அகலப் பகுதியாகத் துடையுங்கள். துணி சென்ற இடத்தில் மெல்லிய ஈரத்தடம் தெரிய வேண்டும், அது ஒரு நிமிடத்துக்குள் தானாக மறைய வேண்டும். மறையாமல் மினுங்கிக்கொண்டிருந்தால் துணியில் ஈரம் அதிகம் என்று பொருள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்த ஒரு நிமிடக் கணக்கு கைக்குப் பழகிவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

நீராவி மாப்பைப் பயன்படுத்தவே கூடாது. சூடான நீராவி இணைப்புகளுக்குள் நேராகப் புகுந்து, வாளித் தண்ணீர் செய்யும் கெடுதலை இன்னும் விரைவாகச் செய்துவிடும். மெழுகும் பாலிஷும் அப்படியே வேண்டாம். லேமினேட்டின் மேற்படலம் அவற்றை உறிஞ்சுவதில்லை. அவை மேலேயே படிந்து வழுக்கும், பிறகு மங்கும். எஃகுக் கம்பித் தேய்ப்பானும் துகள் கலந்த கிரீம் கிளீனரும் படலத்தில் நுண்ணிய கீறல் போட்டுப் பளபளப்பைத் தின்றுவிடும்.

கறைகள்

நம் வீட்டுக் கறைகளில் முதலிடம் மஞ்சளுக்குத்தான். புரட்டாசி மாதமானாலும் மாரியம்மன் பூஜையானாலும் வீட்டில் மஞ்சள் நீர் தெளிக்கிறோம், தாம்பாளத்திலிருந்து குங்குமம் சிந்துகிறது. பொடியாக விழுந்தால் ஈரத்துணி கொண்டு தொடாதீர்கள். தொட்ட மாத்திரத்தில் அது சாயமாகி இணைப்புகளில் ஊறிவிடும். முதலில் உலர்ந்தபடியே உறிஞ்சி எடுத்து, பிறகு மிச்சத்தைத் துடையுங்கள். சாயம் ஏறிவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் சில சொட்டு விட்டு, கறையின் வெளியோரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் விளக்கு அணைந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். அதற்கும் மிஞ்சி இலேசான மஞ்சள் தங்கினால் கவலை வேண்டாம். மஞ்சளின் நிறமி வெயிலில் தானே வெளுக்கும். தண்ணீரைச் செம்பு செம்பாகத் தெளிக்காமல், பூவிதழால் தொட்டுத் தெளித்தாலும் பூஜை நிறைவுதான்.

காமாட்சி விளக்கைத் தரையில் வைக்கும் வழக்கம் இருந்தால், விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் வைத்து, தட்டின் அடியில் தடித்த துணி ஒன்றை விரியுங்கள். சிந்திய எண்ணெயைக் காகிதத்தால் ஒற்றி எடுத்த பின், பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரே ஒரு சொட்டு விட்ட ஈரத்துணியால் துடைத்து, மறுபடி வெறும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு இரவுகள் பல வீடுகளின் தரையில் விட்டுச் சென்றது மெழுகுவர்த்திச் சொட்டுகளை. அவற்றைச் சூடாக இருக்கும்போது வழிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, வாயை இறுகக் கட்டி, மெழுகின் மேல் சில நிமிடம் வையுங்கள். மெழுகு இறுகி விளிம்பு நொறுங்கத் தொடங்கும். அப்போது பழைய பிளாஸ்டிக் அட்டையைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால் சில்லாகப் பெயர்ந்து வந்துவிடும். சூயிங் கம்முக்கும் இதே வழிதான். கத்தி வேண்டாம்.

மங்கிப்போன தரை

எவ்வளவு துடைத்தாலும் தரை மங்கலாகவும் கால் தடம் பதிவதாகவும் இருந்தால், பெரும்பாலும் அது பழைய சோப்பின் படிவு. நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகரைக் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்த்துங்கள். இது படிவை நீக்க எப்போதாவது செய்வது. வாராவாரம் செய்வது அல்ல. தரையின் உத்தரவாதத் தாளில் வினிகர் கூடாது என்றிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நாம் ஜிக் என்று சொல்லும் ப்ளீச்சை வினிகரோடு ஒருபோதும் கலக்காதீர்கள்; இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும்.

தண்ணீர் கொட்டிவிட்டால்

கீசர் ஒழுகினாலும் வாஷிங் மெஷின் குழாய் கழன்றாலும் நேரம்தான் முக்கியம். முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டு, துண்டுகளால் ஒற்றி எடுத்து, மின்விசிறியைத் தரையை நோக்கித் திருப்பிவையுங்கள். தண்ணீர் சுவரோரம் வரை சென்றிருந்தால் சுவரடியில் ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் தேங்கிய நீர் மேலிருந்து வீசும் காற்றால் மட்டும் காயாது. டர்பனைத் தாக்கிய 2022 ஏப்ரல் வெள்ளம் போல வெளித்தண்ணீர் உள்ளே புகுந்தால், அந்தத் தரையை எடுத்துவிட்டுச் சிமெண்ட்டை முற்றிலும் காயவிடுவதே சரி.

பருவமும் தளவாடமும்

டர்பனின் கோடைப் புழுக்கத்தில் பலகைகள் சற்று விரியும், ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் சுருங்கும். இதற்காகத்தான் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். அதை ஆப்பு வைத்தோ சிமெண்ட் பூசியோ அடைத்துவிட்டால் தரை நடுவில் கூடாரம் போல எழும்பிவிடும். நாற்காலி, சோஃபா கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள்; அதில் மணல் சிக்கிக்கொள்வதால் சில மாதங்களுக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்து மாற்றிவிடுங்கள். ரப்பர் அடிப்பாகமுள்ள மிதியடி தடம் விடக்கூடும் என்பதால் துணி அடிப்பாகமுள்ளதே நல்லது. மாலை வெயில் நேராக விழும் கண்ணாடிக் கதவுக்குத் திரை போடுங்கள்.

தரை போட்டபோது மிஞ்சிய பலகைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதே வடிவம் சில ஆண்டுகள் கழித்துக் கடையில் கிடைக்காமல் போகலாம். கிளிக் முறைத் தரையை அருகிலுள்ள சுவரிலிருந்து வரிசையாகக் கழற்றிவந்து, கெட்ட பலகையை மட்டும் மாற்றிவிட முடியும். மிச்சப் பெட்டியை ஈரமான கராஜில் சாய்த்து வைக்காமல், வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் படுக்கைவாட்டில் வையுங்கள்.